அமைதி யாருக்கு உரியது? — ஏரிப் பிரதேசக் குன்றுநடை இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்தில் மலை இடம்பெறும்போது பெரும்பாலும் அதன் உயரமே போற்றப்படுவதைக் காணலாம். உயர்ந்த சிகரம் தெய்வத்தின் உறைவிடமாகவோ, மனித முயற்சியின் எல்லையாகவோ, கவிஞனின் ஆன்ம அனுபவத்துக்குரிய களமாகவோ அமைந்துவிடுகின்றது. அதன் நிழலிற் கிடக்கும் சிறு குன்றுகள் கவனிப்பாரற்றுப் போவது இயல்பே. ஆயினும், ஒரு நிலப்பகுதிக்கும் அங்கு வாழ்வோருக்கும் வந்துபோவோருக்கும் இடையிலான உறவின் உண்மைத் தன்மையை அறிய விழைபவர், சிகரங்களிலும் பார்க்கத் தாழ்ந்த குன்றுகளையே நாடவேண்டியுள்ளது. சிகரத்திலே பாறையும் காற்றுமே மிகுதி. குன்றிலோ வைக்கப்படும் ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவரின் உழைப்பின் மீதும், யாரோ ஒருவரின் உரிமையின் மீதும் வைக்கப்படுகின்றது.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவதற்கு ஆங்கில இலக்கியத்தில் நன்கறியப்பட்ட ஏரிப் பிரதேசத்தைவிடச் சிறந்த களம் கிடைத்தல் அரிது. வடமேற்கு இங்கிலாந்தில், கம்பர்லாந்து, வெஸ்ற்மோர்லாந்து, லங்காஷயர் என்னும் பழைய மூன்று கோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுநின்ற மலைப்புறமே இப்பிரதேசமாகும். இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்கோபெல் பைக் (978 மீற்றர்) இங்கேயே உள்ளது. இங்குள்ள மக்கள் மலையையும் குன்றையும் 'பெல்' என்னும் நோர்ஸ் மொழிவழிச் சொல்லால் அழைப்பர். அச்சொல் மலையை மட்டுமன்றி, ஆடுகள் மேயும் மேட்டுநிலத்தையும் சுட்டும். மலையின் பெயரிலேயே மேய்ச்சலும் பொதிந்து கிடக்கின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இப்பிரதேசத்தைக் காண வருவோருக்கென எழுதப்பட்ட நூல்கள் இரு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட மரபினையுடையன. தோமஸ் வெஸ்ற் என்பார் 1778 இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டார். வில்லியம் வேர்ட்ஸ்வேர்த் (1770-1850) எழுதிய வழிகாட்டி 1810 இல் ஒரு சித்திரத் தொகுதியின் முன்னுரையாக, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்து, படிப்படியாக விரிவுற்று, 1835 இல் ஐந்தாம் பதிப்பினைக் கண்டது. இருபதாம் நூற்றாண்டில் அல்பிரட் வெயின்றைற் (1907-1991) இப்பிரதேசத்தின் 214 மலைகளை ஏழு தொகுதிகளில் எழுதியும் வரைந்தும் 1955 முதல் 1966 வரை வெளியிட்டார். அதன்பின் 1974 இல், பிரதேசத்தின் விளிம்பிலே அமைந்த சிறு குன்றுகளைப் பற்றி 'ஏரிப் பிரதேசத்தின் வெளிப்புறக் குன்றுகள்' என்னும் தனி நூலை எழுதினார்.

இவ்விறுதி நூல் அவரது பெரும்பணியின் அனுபந்தமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. இலக்கியப் பெறுமானம் உடையதாக அதனை எண்ணுவோர் மிகச் சிலர். ஆனால், மலையின் அமைதி யாருக்கு உரியது என்னும் வினாவை வேர்ட்ஸ்வேர்த் எழுப்பித் தாமே முரண்பட்ட விடைகளைக் கூறிச் சென்றார். அவ்வினாவுக்கு அம்மரபினுள்ளிருந்தே கிடைத்த மிகச் செம்மையான விடை இச்சிறு நூலிலேயே உள்ளது. அவ்விடையும் முழுமையானதன்று. அதன் நிறைவும் குறைவும் ஒருசேர ஆராயத்தக்கன.

வேர்ட்ஸ்வேர்த்துக்கு முன்னர் இப்பிரதேசத்தை எழுதியோர் அதனை ஓவியமாகக் கண்டனர். வெஸ்ற்றின் நூல், பயணி எந்த எந்த இடத்தில் நின்று பார்த்தல் வேண்டும் என வகுத்துரைத்தது. அவ்விடங்களை அவர் 'நிலைகள்' என்றார். நிலையில் நின்று, காட்சிக்கு முதுகைக் காட்டி, கையிலுள்ள நிறமூட்டிய குவிகண்ணாடியில் ஏரியையும் மலையையும் ஒரு சட்டத்துக்குள் அடக்கிப் பார்ப்பது அக்காலப் பயணியரின் வழக்கமாயிருந்தது. நிலப்பரப்பு இங்கே நடப்பதற்குரியதன்று, பார்ப்பதற்குரியது. பார்க்கும் உரிமையும், அதற்கான ஓய்வும் வண்டியும் உடையவருக்கே உரியது.

இந்த நிலையை உடைத்தவர் வேர்ட்ஸ்வேர்த். அவர் நடந்தார், நடையிலேயே கவிதையை இயற்றினார். அவரது வழிகாட்டி, மலையின் அமைப்பை விளக்குவதோடு நில்லாது, அங்கு நூற்றாண்டுகளாக வாழ்ந்த சிறு நிலவுடைமையாளரின் குடிசைகளும் வயல்களும் எவ்வாறு அந்நிலத்திலிருந்தே முளைத்தனபோல் அமைந்தன என்பதையும் எடுத்துரைக்கின்றது. இயற்கையைச் சமூகத்திலிருந்து பிரிக்காது நோக்கிய அப்பார்வை அக்காலத்துக்குப் புதியது. அந்நூலிலேயே, காணும் கண்ணும் அனுபவிக்கும் நெஞ்சமும் உடைய எவருக்கும் இப்பிரதேசத்தில் உரிமை உண்டு எனவும், இதனைத் தேசத்தின் பொதுச்சொத்துப் போன்று கருதவேண்டும் எனவும் அவர் கூறினார். 1951 இல் இப்பிரதேசம் தேசியப் பூங்காவாக்கப்பட்டதன் சிந்தனை மூலத்தை இக்கூற்றிலே காண்பவர் பலர்.

ஆனால், காணும் கண் யாருக்கு உண்டு? இவ்வினா 1844 இல் நடைமுறைப் பிரச்சினையாக அவர் முன் வந்து நின்றது. அவ்வாண்டில் கென்டல் நகரிலிருந்து வின்டமியர் ஏரிவரை புகையிரதப் பாதை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. வேர்ட்ஸ்வேர்த் அதனை எதிர்த்து ஒரு பதினான்கடிப் பாவை எழுதினார். 'மோர்னிங் போஸ்ற்' பத்திரிகைக்குக் கடிதங்களும் எழுதினார். மலைக்காட்சியை நயக்கும் சுவை மனிதரிடம் இயல்பாகவே அமைந்ததன்று, படிப்படியான பயிற்சியால் வருவது என்பதே கடிதங்களின் வாதம். ஆகவே, ஆலைத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்கள் பயனடையப் போவதில்லை. வரும் இடத்தின் அமைதியும் கெட்டுவிடும். தம் ஊர்ப்புறத்து வயல்வெளிகளில் மனைவி மக்களோடு சிறு உலாக்கள் செல்வதே அவர்களுக்கு ஏற்றது என அவர் வாதிட்டார். எல்லோருக்கும் உரியது என முன்னர் கூறியவர், இப்போது அந்த 'எல்லோரையும்' பயிற்சி பெற்றோர் எனச் சுருக்கிவிட்டார்.

இதனைக் கவிஞரின் முதுமைக்காலப் பழைமைவாதம் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அவ்வாறு ஒதுக்குவது முறையான திறனாய்வாகாது. அவர் காக்க விரும்பிய அமைதி உண்மையான ஒரு பெறுமானம். இரைச்சலும் புகையும் நிறைந்த கைத்தொழில் யுகத்தின் எதிரில் மனிதன் தன்னைத் திரும்பவும் கண்டுகொள்ளும் இடம் ஒன்று வேண்டும் என அவர் உணர்ந்தது தவறன்று. அவ்விடம் எவருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டதோ அவர்களையே அதிலிருந்து விலக்க முற்பட்டதிலேதான் முரண்பாடு உள்ளது. இரைச்சலையும் புகையையும் நாள்தோறும் அனுபவித்தோர் லங்காஷயர் ஆலைகளின் தொழிலாளரே அன்றோ!

அந்தப் பதினான்கடிப் பாவிலே வேர்ட்ஸ்வேர்த் புகையிரதத்துக்கு எதிராகத் துணைக்கழைத்த இடங்களுள் ஒன்று ஒறெஸ்ற் ஹெட். வின்டமியர் ஏரியின் மேலே எழும் இக்குன்றின் உயரம் 238 மீற்றர் மட்டுமே. பாதை வந்தே தீர்ந்தது. 1847 இல் வின்டமியர் நிலையம் திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி ஒரு நகரம் வளர்ந்தது. ஒறெஸ்ற் ஹெட் அந்நகரின் கொல்லைப்புறக் குன்றாயிற்று. எண்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 1930 இல், லங்காஷயரின் நெசவாலை நகரான பிளாக்பேர்ணிலிருந்து இருபத்துமூன்று வயதுடைய எழுதுவினைஞர் ஒருவர் விடுமுறையிலே வந்து இக்குன்றில் ஏறினார். கல்தச்சர் ஒருவரின் மகன் அவர். பதின்மூன்று வயதிலேயே பாடசாலையை விட்டு விலகி வேலைக்குச் சென்றவர். மலைக்காட்சியை நயப்பதற்குரிய பயிற்சி எதனையும் பெற்றிராதவர். உச்சியில் அவர் கண்ட காட்சி தம் வாழ்வையே மாற்றியது எனப் பிற்காலத்தில் அவர் எழுதினார். அவரே வெயின்றைற். கவிஞர் எந்தக் குன்றினைச் சாட்சியாக நிறுத்தித் தொழிலாளரின் கண்ணை ஐயுற்றாரோ, அந்தக் குன்றே அவ்வையத்தைப் பொய்ப்பித்தது.

இவ்விரு வருகைகளுக்குமிடையே நிகழ்ந்தவற்றையும் கருத்திற்கொள்ளல் அவசியம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலே பாராளுமன்றச் சட்டங்கள்மூலம் பொது மேய்ச்சல் நிலங்கள் பல அடைக்கப்பட்டன. சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டிய மதில்கள் மலைச்சரிவுகளில் நேர்கோடாக ஏறின. இன்று அம்மதில்கள் அழகிய காட்சியின் அங்கங்களாகத் தோன்றுகின்றன. எழுந்த காலத்தில் அவை உரிமை மாற்றத்தின் எல்லைக் கோடுகளாயிருந்தன. வேறு சில மலைப்பகுதிகளில் நடப்பதே குற்றமாயிற்று. ஏரிப் பிரதேசத்துக்குத் தெற்கே, மன்செஸ்ரருக்கும் ஷெபீல்டுக்கும் இடைப்பட்ட கின்டர் மேட்டுநிலம் பறவை வேட்டைக்கென நிலவுடைமையாளரால் ஒதுக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 இல் நூற்றுக்கணக்கான இளந் தொழிலாளர் தடையை மீறி அங்கு நடந்தனர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 1949 இல் தேசியப் பூங்காக்கள் பற்றிய சட்டமும், 2000 ஆம் ஆண்டில் திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை வழங்கிய சட்டமும் இத்தகைய நீண்ட போராட்டங்களின் பின்னணியிலேயே வந்தன. வெயின்றைற் இயக்கங்களில் நின்று போராடியவர் அல்லர், தனிமை விரும்பி. எனினும், அவரது நூல்களின் வாசகரை உருவாக்கிய பகைப்புலம் இதுவேயாகும்.

வெயின்றைற்றின் நூல்களுடைய உருவம் தனித்து நோக்கத்தக்கது. 1941 இல் கென்டல் நகரசபையில் குறைந்த சம்பளத்துக்குப் பணியேற்று அவர் இப்பிரதேசத்தின் வாயிலுக்கே குடிபெயர்ந்தார். 1948 முதல் 1967 வரை அந்நகரசபையின் பொருளாளராக விளங்கினார். வார இறுதிகளில் பஸ்ஸில் சென்று நடப்பதும், மாலைகளில் மேசையிலிருந்து வரைவதும் எழுதுவதுமாக 1952 நவம்பரில் தொடங்கிய பணி பதின்மூன்றாண்டுகள் நீடித்தது. நூல்களில் அச்செழுத்து இல்லை. அவரது கையெழுத்தே, வரைபடங்களோடும் சித்திரங்களோடும், பக்கம் பக்கமாக அப்படியே அச்சேறியது. வரிகளின் வலப்பக்க ஓரம் ஒழுங்காக அமையவில்லை என்பதற்காக, தொடக்கத்தில் முடித்த ஏறத்தாழ நூறு பக்கங்களை ஒதுக்கிவிட்டு மீண்டும் எழுதினார். இதனைப் பொருளாளரின் கணக்கேட்டு ஒழுங்கு எனச் சிலர் நகையாடக்கூடும். ஆனால் அவ்வொழுங்கிலே ஒரு நேர்மை உண்டு. கணக்கேட்டில் உள்ளதை மிகைப்படுத்த இயலாது; விடுபடவும் விடலாகாது.

ஒவ்வொரு மலைக்கும் இயற்கை அமைப்பு, ஏறும் வழிகள், உச்சி, அடுத்த மலைக்குச் செல்லும் முகடு, உச்சியிலிருந்து தெரியும் காட்சி என்னும் ஒரே வகையான பகுப்பினை அவர் வழங்கினார். தெரிந்த வழிகள் அனைத்தையும் ஒருங்கே காட்டிவிட்டுத் தெரிவினை நடப்பவரிடமே விட்டார். வெஸ்ற்றின் வழிகாட்டி பயணியை ஓரிடத்தில் நிறுத்தியது. வெயின்றைற்றின் வழிகாட்டி அவரை விடுவித்தது. இரு நூற்றாண்டுகளில் வழிகாட்டி என்னும் இலக்கிய வகை அடைந்த வளர்ச்சியை இவ்வேறுபாடொன்றே காட்டப் போதுமானது.

இனி, 'வெளிப்புறக் குன்றுகள்' என்னும் நூலை நோக்கலாம். இந்நூல் முதன்மையாக ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும், உயர்ந்த மலைகளில் இனி ஏற இயலாதோருக்குமென எழுதப்பட்டதென்பதை அதன் நீண்ட உபதலைப்பே அறிவிக்கின்றது. வெளிவந்த ஆண்டில் ஆசிரியருக்கு வயது அறுபத்தேழு, அவரும் ஓய்வூதியரே. 56 நடைகள் இதில் விவரிக்கப்படுகின்றன. முந்திய தொகுதிகளின் அமைப்பு இங்கே மாற்றமடைகின்றது. ஒரு மலைக்குப் பல வழிகள் என்பது போய், பெரும்பாலும் ஒரு குன்றுக்கு ஒரு நடை. அதுவும் சென்ற வழியே திரும்பாது சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தையே சேரும் நடை. ஏறுதல் என்னும் வினை பின்னொதுங்கி, உலாவித் திரும்புதல் என்னும் வினை முன்னுக்கு வருகின்றது. உடலின் தளர்ச்சி நூலின் உருவத்தையே மாற்றிவிட்டது. உள்ளடக்கத்துக்கும் உருவத்துக்கும் இடையிலான இத்தகைய பொருத்தம் ஆக்க இலக்கியங்களிலேயே அருமையாக வாய்ப்பது.

இந்நூலின் பார்வை எவ்வளவு தூரம் புதியது என்பதை அறிய, இதில் இடம்பெறும் பிளாக் கோம் என்னும் குன்றினை உதாரணமாகக் கொள்ளலாம். கடலை நோக்கித் தனித்து நிற்கும் இக்குன்றின் உயரம் 600 மீற்றர். வேர்ட்ஸ்வேர்த் இதனைப் பற்றி இரு கவிதைகள் எழுதினார்; இரண்டும் 1815 இல் வெளிவந்தன. ஒன்றிலே, பிரித்தானியாவில் வேறெந்த உச்சியிலிருந்தும் காணமுடியாத அளவு பரந்த காட்சி இதன் உச்சியிலிருந்து தெரிவதாக நிலஅளவையாளர் கூறிய கருத்தினை அடியாகக் கொண்டு, அக்காட்சியைப் பிரித்தானியாவின் அமைதியான சுபீட்சத்தினதும் வல்லமையினதும் வெளிப்பாடாகக் கவிஞர் காண்கின்றார். நெப்போலியனுடனான போர்க்கால மனநிலை அதில் தெரிகின்றது. மற்றைய கவிதை இதற்கு நேர்மாறானது. உச்சியில் கூடாரமடித்து நிலப்படம் வரைந்துகொண்டிருந்த அளவையாளர் ஒருவரின் கண்முன்னே திடீரென இருள் சூழ, படமும் மலையும் ஒருங்கே மறைந்துபோகின்றன. ஒரே குன்று முதற் கவிதையில் தேசத்தின் அரியணை. இரண்டாவதில் மனித அறிவின் எல்லை. இரண்டிலும் குன்று தன்னைவிடப் பெரியதொன்றின் குறியீடாகவே வருகின்றது.

வெயின்றைற்றிடம் பிளாக் கோம் குன்றாகவே இருக்கின்றது. முதியவர் ஒருவர் ஒரு பகலில் மூச்சு வாங்கிச் சென்று, கடலைப் பார்த்து இளைப்பாறி, இருள்வதற்குள் திரும்பத்தக்க இடம் அது. பாதை எங்கே தொடங்குகின்றது, எத்தனை மைல் தூரம் என்பனவே அங்கு முக்கியம். இதனைக் கற்பனை வறுமை எனக் கொள்வது பொருந்தாது. குறியீட்டிலிருந்து குன்றை மீட்டெடுப்பதும் ஓர் இலக்கியச் செயலே. தேசத்தின் பெருமையைக் காண ஏறியவருக்குக் காட்சி தெளிவாயிருத்தல் வேண்டும். நடப்பதற்காக ஏறியவருக்குப் புகாரும் போதுமானது. வேர்ட்ஸ்வேர்த் வேண்டிய பயிற்சியும் இங்கே வேறொரு வழியிற் கிடைத்துவிடுகின்றது. நடையே பயிற்சி. நடந்து நடந்து கண் பழகுகின்றது. அதற்கு முன்னுரிமைச் சீட்டு எதுவும் தேவையில்லை.

இத்தகைய நிறைவுகளோடு இந்நூலின் குறைபாடு ஒன்றும் சுட்டப்பட வேண்டும். வெயின்றைற்றின் சித்திரங்களிலே மனிதர் அரிதாகவே தென்படுவர். மதில்கள் கல் கல்லாக வரையப்பட்டுள்ளன. மதில் கட்டியோரின் கைத்திறனை அவர் மதித்தார். கைவிடப்பட்ட கற்சுரங்கங்களையும் செப்புச் சுரங்கங்களையும் கவனமாகக் குறித்தார். ஆயினும், அம்மதில் யாருடைய நிலத்தை யாரிடமிருந்து பிரித்தது, அச்சுரங்கத்தில் யார் என்ன கூலிக்கு உழைத்தனர் என்பன அவரது ஆய்வுக்குரிய பொருள்களாகவில்லை. கல்தச்சரின் மகனிடமிருந்து வாசகர் எதிர்பார்க்கக்கூடிய பார்வை அதுவாயினும், நூலில் அது கிட்டுவதில்லை. அவர் தேடிய அமைதி பெரும்பாலும் பிற மனிதர் இல்லாத அமைதி.

தமிழ் இலக்கண மரபில் ஊறியவருக்கு இக்குறைபாடு உடனே புலப்படும். தொல்காப்பியம் நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு, அதன்மேல் கருப்பொருளை வகுக்குமிடத்து மரம், புள், விலங்கு ஆகியவற்றோடு உணவையும் தொழிலையும் பறையையும் சேர்த்தே எண்ணுகின்றது. தினைப்புனமும் தேனெடுத்தலும் இன்றிக் குறிஞ்சி இல்லை. சங்கப் பாடல்களில் இவ்வமைப்பு காலப்போக்கில் மரபாக இறுகியது உண்மையே. எனினும், உழைப்பை நீக்கிவிட்டு நிலத்தைப் பேசுவது முழுமையாகாது என்னும் அடிப்படைக் கருத்து எந்த நாட்டின் மலையிலக்கியத்தையும் அளப்பதற்குரிய நல்ல அளவுகோலாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, ஏரிப் பிரதேச இலக்கியத்தினுள்ளேயே வேறொரு மரபு இருப்பது தெரியவரும். அதன் சிறந்த பிரதிநிதி கவிஞரின் தங்கையாகிய டொறதி வேர்ட்ஸ்வேர்த். 1800 முதல் 1803 வரை கிறாஸ்மியரில் அவர் எழுதிய நாட்குறிப்புகளில், தெருவிலும் மலைப்பாதையிலும் நடந்து சென்ற இரவலரும், படையிலிருந்து விலக்கப்பட்டோரும், வேலை தேடுவோரும் தொடர்ந்து இடம்பெறுகின்றனர். இவர்கள் இன்பத்துக்காக நடந்தோர் அல்லர். வேறு வழியின்றி நடந்தோர். 1800 ஒக்ரோபரில் உடல் வளைந்த ஒரு முதியவரை அண்ணனும் தங்கையும் சந்திக்கின்றனர். மருத்துவத்துக்கென அட்டைகளைச் சேகரித்து விற்றவர் அவர். அட்டைகள் அருகிவிட்டன என்பதையும், முன்னர் நூற்றுக்கு இரண்டரை ஷில்லிங்காக இருந்த விலை முப்பது ஷில்லிங்காக ஏறிவிட்டது என்பதையும், விபத்தொன்றில் அவர் காயமுற்றிருந்ததையும் டொறதி குறித்து வைத்தார். இச்சந்திப்பிலிருந்தே 1807 இல் வெளிவந்த 'உறுதியும் சுதந்திரமும்' என்னும் வேர்ட்ஸ்வேர்த்தின் புகழ்பெற்ற கவிதை பிறந்தது. கவிதையில் தெருவோரச் சந்திப்பு தனித்த மேட்டுநிலக் குளக்கரைக்கு மாறுகின்றது, விலைக்கணக்கு மறைகின்றது, முதியவர் கவிஞரின் மனச்சோர்வைத் தீர்க்க வந்த அமானுடத் தோற்றமாக உயர்கின்றார். கவிதையின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆனால், அம்முதியவரின் வாழ்க்கையை அறிய விரும்புபவர் தங்கையின் குறிப்பையே நாடவேண்டும்.

1818 இல் தோழி ஒருவருடன் ஸ்கோபெல் பைக்கில் ஏறிய டொறதி, அவ்வனுபவத்தை ஒரு கடிதத்தில் எழுதினார். அதிலே வழிகாட்டியாகச் சென்ற இடையரும், வானிலையை முன்னறியும் அவரது அறிவும் இடம்பெறுகின்றன. அக்கடிதத்தின் திருத்திய வடிவம் 1822 இல் அண்ணனின் வழிகாட்டி நூலிலே டொறதியின் பெயர் குறிக்கப்படாமல் சேர்க்கப்பட்டது. மலையில் உழைத்தோர் மட்டுமன்றி, மலையை எழுதிய பெண்ணும் நூலின் அட்டைக்கு வெளியே நிற்க நேர்ந்தது.

வேர்ட்ஸ்வேர்த்தின் மிகச் சிறந்த கவிதைகளுள் ஒன்றான 'மைக்கல்' (1800) இம்மரபுக்கு அண்மையில் நிற்பது. பொதுவழியிலிருந்து விலகி, ஓடைவழியே ஒரு மறைவான பள்ளத்தாக்குக்கு வாசகரை அழைத்துச் சென்று, அங்கு கிடக்கும் ஒழுங்கற்ற கற்குவியலைக் கவிஞர் காட்டுகின்றார். அது முதிய இடையர் ஒருவர் கட்டத் தொடங்கி முடிக்காது விட்ட ஆட்டுப்பட்டி. மகன் நகருக்குச் சென்று சீரழிந்த கதையும், பரம்பரை நிலம் அந்நியர் கைக்குப் போன கதையும் அக்கற்களில் உறைந்து கிடக்கின்றன. அவ்விடம் அமைதியானது, ஆனால் வெறுமையானதன்று. அங்கு நிலவும் அமைதிக்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்து நடப்பவருக்கே கற்குவியல் கற்குவியலாக அன்றி வரலாறாகத் தெரியும். 1800 இல் இதனை எழுதியவரே 1844 இல் அக்கடிதங்களையும் எழுதினார் என்பது, ஒரு கவிஞரின் சிறந்த படைப்பு அவரது கொள்கையை விஞ்சி நிற்கலாம் என்பதற்குத் தக்க சான்றாகும்.

இறுதியாக எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்று உள்ளது. எல்லோருக்கும் உரிய அமைதி, எல்லோரும் வந்தபின் அமைதியாக இருக்குமா? வெயின்றைற்றின் நூல்கள் 1985 அளவில் பத்து இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. தனிமையைப் போற்றிய அவரது பக்கங்களைக் கையிலேந்தி வந்தோரின் காலடிகளால் புகழ்பெற்ற மலைகளின் பாதைகள் தேய்ந்து புண்ணாயின. 2017 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த இப்பிரதேசத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். வேர்ட்ஸ்வேர்த்தின் அச்சம் உண்மையாகிவிட்டது என வாதிடுவோருக்கு இவை ஆதாரங்களாகலாம்.

ஆனால், தேய்ந்த பாதைகள் பெரும்பாலும் உயர்ந்த, புகழ்பெற்ற சிகரங்களுக்கே செல்கின்றன என்பதை அவர்கள் நோக்குவதில்லை. உயரத்தையும் புகழையும் மட்டுமே போற்றக் கற்பித்த மரபே கூட்டத்தை ஓரிடத்தில் குவித்தது. நெருக்கடிக்குக் காரணம் மக்களின் தொகை மட்டுமன்று. அவர்களுக்கு வழங்கப்பட்ட பெறுமானங்களுமாகும். விளிம்பிலுள்ள சிறு குன்றுகளும் நடத்தற்குரியன எனச் சொன்ன நூல், வாயிலை மூடாமலே நெருக்கத்தைத் தணிக்கும் வழியைக் காட்டியது. வேர்ட்ஸ்வேர்த் 1844 இல் கண்டிராத வழி அது. சில குன்றுகள் அமைதியை இழப்பதும் உண்டு. ஒறெஸ்ற் ஹெட் இன்று தனிமை நாடுவோருக்குரிய இடமன்று. சக்கர நாற்காலியிற் செல்வோரும் உச்சியை அடையத்தக்கதாக அதன் பாதை அண்மை ஆண்டுகளிலே திருத்தியமைக்கப்பட்டுள்ளது. அக்குன்று இழந்த அமைதியையும், அங்கு முதன்முறையாக ஏரியைக் கண்டோர் பெற்ற பேற்றையும் நிறுத்துப் பார்ப்பின், தட்டு எப்பக்கம் தாழும் என்பதில் ஐயமில்லை.

ஆகவே, ஏரிப் பிரதேசக் குன்றுநடை இலக்கியத்தை மதிப்பிடுவோர் இரு நிலைகளை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். அமைதியை ஒரு சிலரின் சுவைக்குரிய உடைமையாகக் காத்த நிலை ஒன்று. அதனைத் தளர்ந்த கால்களுக்கும் உரியதாக்கிய நிலை மற்றையது. இரண்டாவது நிலையை எய்தியது வெயின்றைற்றின் சிறு நூலின் சாதனை. அமைதியான குன்றில் முன்பு உழைத்தோரின் குரலையும் கேட்கும் மூன்றாவது நிலை, டொறதியின் நாட்குறிப்புகளிலும் 'மைக்கல்' கவிதையிலும் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தோன்றி, வழிகாட்டி நூல்களினுள் இன்னும் முழுமையாகப் புகாது நிற்கின்றது. நாட்குறிப்பின் செவியும் வெயின்றைற்றின் கையும் ஒன்றுசேர்ந்த நூல் ஒன்று எழுதப்படுமாயின், அதுவே இம்மரபின் அடுத்த கட்டமாக அமையும் எனலாம்.